‘ரத்து செய்வோம்’ என்றார்களே, நினைத்துத்தான் சொன்னார்களா?

வாசகர் கேள்வி, சூளைமேட்டிலிருந்து
5 ஏப்ரல் 2025

நீட் விலக்கு மசோதாவைக் குடியரசுத் தலைவர் நிராகரித்துவிட்டார் என்று நேற்று முதல்வர் சட்டசபையில் அறிவித்தார். என் தங்கை அடுத்த மாதம் 4-ம் தேதி இரண்டாவது தடவையாக நீட் எழுதப் போகிறாள். ஊரை இரண்டாக்குகிற விஷயத்தில் வாக்குறுதி கொடுக்கும் எந்தக் கட்சிக்கும் அதைச் செய்கிற எண்ணமே கிடையாது என்கிறேன். செய்து முடித்துவிட்டால் அடுத்த தேர்தலில் பேச என்ன இருக்கும்? மறுப்பவர்கள் ஓர் உதாரணம் காட்டட்டும்.

5 ஏப்ரல், இரவு 10.40

மறுக்க வரவில்லை, முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். ராயப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் 27 வருடம் புரூஃப் பார்த்தவன் நான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி நோட்டீஸும் என் மேஜைக்கு வரும். காலையில் ஒரு சின்னம், சாயங்காலம் அதற்கு எதிர்ச் சின்னம். அந்த வாக்குறுதிகளை நான் படித்த அளவுக்கு வேட்பாளர்களே படித்திருக்க மாட்டார்கள்.

என் கணக்கு சுலபம். கையெழுத்து யாருடையது என்று பார்ப்பேன். 2021 மே 7-ல் தி.மு.க. ஆட்சி பதவியேற்ற அன்றே பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்று கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பேனாவும் அவர்களுடையது, பஸ்ஸும் அவர்களுடையது. நீட்டுக்குப் பேனா டில்லியில். 2021 செப்டம்பர் 13-ல் மசோதா நிறைவேறியது, 2022 பிப்ரவரி 1-ல் ஆளுநர் திருப்பி அனுப்பினார், 8-ம் தேதி மறுபடி நிறைவேற்றினார்கள், அப்புறம் டில்லிக்குப் போய் உட்கார்ந்தது. நேற்று பதில் வந்தது.

அடுத்தவர் பேனாவை நம்பிக் கொடுக்கும் வாக்குறுதி மலிவு. நடந்தால் எங்கள் சாதனை, நடக்காவிட்டால் அவர்கள் துரோகம். கச்சத்தீவும் இந்த வகைதான். சொந்தப் பேனா இருந்தாலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 1967-ல் இதே தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று ஓட்டு வாங்கி ஒரு படிதானே போட்டார்கள்?

6 ஏப்ரல், காலை 7.15

திருத்தம். என் அண்ணன் போனில் திட்டிவிட்டார். அவருக்கு வயது 74. அந்த அரிசிக்குப் பையோடு வரிசையில் நின்றவர். கோஷம் ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றுதான் இருந்தது. நிச்சயம் என்று சொன்ன ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் போட்டார்கள். மற்ற ஊர்களுக்குப் போடக் கஜானா தாங்கவில்லை. ஆக, அவர்கள் சொன்னதை நான் பாதியாக்கிவிட்டேன். ஆனாலும் அந்தக் கோஷத்தில் ஜனங்கள் காதில் விழுந்தது எந்தப் பாதி என்று அண்ணனிடம் கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

6 ஏப்ரல், மாலை

வெயிலுக்கு வெளியே போகவில்லை, அதனால் இது நீளம்.

1996 அக்டோபர். உள்ளாட்சித் தேர்தல், ஸ்டாலின் முதன்முறை மேயரான தேர்தல். ஒரு கவுன்சிலர் வேட்பாளருக்கு பிட் நோட்டீஸ், 5,000 பிரதி. கட்சிப் பெயர் வேண்டாம், எல்லாக் கட்சியிலும் இப்படி ஒருவர் உண்டு. நோட்டீஸில் ஏழு வாக்குறுதிகள். ஐந்தாவது: பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள மதுக்கடை மூடப்படும். அந்தத் தெருவில் இது நெருப்பு. பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மாக்கள் ஒரு பக்கம். கடை வாசலில் சுண்டல், ஆம்லெட், வறுத்த மீன் விற்றுப் பிழைக்கிற பத்துக் குடும்பம் இன்னொரு பக்கம். அதில் ஒரு ஆம்லெட் வண்டிக்காரரின் மகன் படித்ததும் அதே பள்ளியில்தான். இதை யோசித்தால் எந்தப் பக்கம் பேசுவது என்று இப்போதும் தெரியவில்லை.

சாயங்காலம் வேட்பாளரே வந்து புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ராத்திரி பதினொரு மணிக்கு அவருடைய மச்சான் டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். ஐந்தாவதை மாற்ற வேண்டும். பிளேட் போட்டாச்சு, செலவாகும் என்றார் முதலாளி. ‘போட்டுக்கலாம்ணே’ என்று சிவப்புப் பேனாவை வாங்கி, ‘மூடப்படும்’ என்பதை அடித்து ‘மூட வலியுறுத்தப்படும்’ என்று எழுதினார். ஏன்பா என்று கேட்டேன். கடை லைசென்ஸ் அவருடைய சித்தப்பா பெயரில் இருந்ததாம். அப்போது கடைகள் தனியார் கையில், 2003-க்கு முந்தைய காலம்.

வேட்பாளர் ஜெயித்தார். கடையும் இருந்தது. நோட்டீஸின் எந்த வரியிலும் கடன் தள்ளுபடி இல்லை, எங்கள் பில் மட்டும் தள்ளுபடியானது.

அன்றிலிருந்து நான் எந்தத் தேர்தல் அறிக்கையிலும் வாக்கியத்தின் வாலைத்தான் முதலில் பார்ப்பேன். ‘வழங்கப்படும்’ என்றால் ஒரு மாதிரி. ‘வழங்க நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றால் பாதி போச்சு. ‘மத்திய அரசை வலியுறுத்துவோம்’ என்றால் ஒரு கடிதம் போகும். ‘பரிசீலிக்கப்படும்’ என்றால் அந்தக் கடிதம்கூடப் போகாது. 2021 அறிக்கையில் நீட் பற்றி இருந்தது என்ன? ரத்து செய்யச் சட்டம் நிறைவேற்றுவோம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற நடவடிக்கை எடுப்போம் என்ற அளவுதான். அச்சில் இருந்ததைச் செய்துதான் இருக்கிறார்கள். மேடையில் மைக் பிடித்தவர்கள் வாலை வெட்டிவிட்டு ‘நீட் ரத்து’ என்றார்கள். எண்ணம் இருந்ததா என்று கேட்டால், எதை வைத்துக் கேட்கிறீர்கள், அச்சையா மைக்கையா?

8 ஏப்ரல்

கையெழுத்துக் கணக்கை ஒருவர் ஒரே கேள்வியில் இடித்துவிட்டார்: மதுவிலக்குக்குப் பேனா யாருடையது?

மாநிலத்துடையதுதான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்தார், 1971-ல் கருணாநிதி தளர்த்தினார், 1974-ல் அவரே மறுபடி கொண்டுவந்தார், 1981-ல் எம்.ஜி.ஆர். தளர்த்தினார். எல்லாம் இங்கேயே போட்ட கையெழுத்துகள்.

2015 ஜூலை 31-ல் மதுவிலக்குப் போராட்டத்தில் காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தின் மேல் இறந்துபோனார். மறு வருடம் தேர்தல். தி.மு.க. முழு மதுவிலக்கு என்றது, அ.தி.மு.க. படிப்படியாக என்றது. 1967-ல் மூன்று படி, 2016-ல் படிப்படி. நம் ஊர் அரசியலில் இந்தப் படி விடவே விடாது.

ஜெயலலிதா ஜெயித்து மே 23-ல் போட்ட கையெழுத்துகளில் 500 கடை மூடலும் ஒன்று. காலை 10-க்குத் திறக்கும் கடை 12-க்குத் திறக்கும் என்பது இன்னொன்று. 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி இன்னும் 500. 2023 ஜூனில் தி.மு.க. ஆட்சி 500. இடையில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோரக் கடைகளுக்குப் போட்ட தடையால் 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேல் ஒரே நாளில் மூடப்பட்டன. எந்த அறிக்கையிலும் இல்லாத கை செய்த வேலை அதுதான் பெரிசு. அதிலும் பல கடைகள் வேறு சந்தில் திறந்துகொண்டன. 2023-24-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கும் மேல். அப்படியென்றால் பேனா இருக்கிறது, மையின் விலைதான் தாங்கவில்லை. முதல் குறிப்பில் நான் சொன்ன கணக்கைப் பாதி அடித்துவிடுங்கள்.

பாதிதான். எங்கள் மெஷின்மேன் கதையைச் சொல்ல வேண்டும். தெருமுனைக் கடை 2016-ல் போனதும் அவர் ஐஸ் ஹவுஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தார். ‘அம்மா எனக்கு வாக்கிங் வெச்சிருக்காங்க சார்’ என்பார். சிரித்தோம். ஆனால் 10 மணி 12 ஆனதும் காலை வேலையில் ஒரு மாற்றம் தெரிந்தது. நாலு கலர் வேலையில் சிவப்பு ஒரு நூல் விலகி, தலைவர்களுக்கு இரண்டு உதடு விழும். வாரத்துக்கு இரண்டு ரீம் வீணாகும். அது நின்றது. படிப்படியாக என்ற வார்த்தையைக் கிண்டல் செய்யும்போதெல்லாம் அந்த இரண்டு ரீமும் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

எண்ணத்தோடு செய்தவர்களும் உண்டு. ஆந்திராவில் என்.டி.ஆர். 1994 தேர்தலில் சொன்னதை 1995 ஜனவரியில் செய்தார் (1997-ல் சந்திரபாபு எடுத்துவிட்டார்). பீகாரில் நிதிஷ் 2015-ல் சொன்னதை 2016 ஏப்ரலில் செய்தார். கள்ளச்சாராயச் சாவு என்று ஆரம்பிக்காதீர்கள், அது தனிச் சண்டை.

9 ஏப்ரல்

நேற்றைய குறிப்புக்கு ஒருவர் என்னை உடன்பிறப்பு என்று திட்டியிருக்கிறார். இன்னொருவர் ரத்தத்தின் ரத்தம் என்கிறார். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். எனக்கு எந்தப் பக்கமும் பில் பாக்கி இருக்கிறது.

12 ஏப்ரல்

‘எந்தக் கட்சிக்கும்’ என்று சூளைமேட்டுக்காரர் சொன்னதற்கு நான் அன்றே உதாரணம் தேடி யோசித்திருக்க வேண்டும். மூன்று நாளாக மண்டையில் ஓடுகிறது.

பா.ஜ.க. காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த 370-வது பிரிவை நீக்குவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் எழுதிக்கொண்டே இருந்தது. 1998-ல் கூட்டணி ஆட்சி வந்தபோது பொதுத் திட்டத்தில் அதையும் ராமர் கோயிலையும் பொது சிவில் சட்டத்தையும் ஓரமாக வைத்தார்கள். அப்போது டீக்கடையில் நானே சொன்னேன், பார்த்தீர்களா, சும்மா பேச்சு என்று. 2019-ல் 303 இடம் வந்தது. மே மாதம் ஜெயித்து, ஆகஸ்ட் 5-ல் முடித்துவிட்டார்கள். அது சரியா தவறா என்பது வேறு. எண்ணம் இல்லை என்று சொன்ன நான் தப்பு. எண்ணம் இருந்தது, எண்ணிக்கை இல்லை.

நம் ஊரிலேயே ஒன்று. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர். 1970-ல் தி.மு.க. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டம் போட்டது. 1972-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ஆகமம், அதாவது கோயில் பூஜை விதி, என்ற முடிச்சையும் போட்டது. 2006-ல் மறுபடி அரசாணை, பயிற்சிப் பள்ளி, இருநூறு சொச்சம் பேர் படித்து முடித்து வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14-ல் பணி ஆணை கொடுத்தபோது அவர்களில் 24 பேருக்குத்தான் கிடைத்தது. ஐம்பது வருடம். அதிலும் வழக்குகள். செய்யும் எண்ணம் இல்லாத கட்சி இதை இத்தனை தடவை கையில் எடுத்திருக்காது. அதே கட்சி திராவிட நாட்டை 1963-ல் ஒரேயடியாகக் கைவிட்டது. பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்கவே முடியாது என்று டில்லி சட்டம் கொண்டுவந்த வருடம் அது. எது தூங்குகிறது, எது செத்துவிட்டது என்று வெளியே இருந்து பார்த்தால் தெரிவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

14 ஏப்ரல்

தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள். தை முதல் நாள்தான் புத்தாண்டு என்பவர்களுக்கு ஜனவரியிலேயே சொல்லிவிட்டேன்.

இதுவும் ஊரை இரண்டாக்கிய சங்கதிதான். 2008-ல் தையை ஆண்டுப் பிறப்பாக்கிச் சட்டம் வந்தது, 2011 ஆகஸ்டில் ஆட்சி மாறி சித்திரைக்கே திரும்பியது. ஆடிப்பெருக்குக்கே சிவகாசியிலிருந்து மறு வருடக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும். ஆல்பம் பார்த்து ஆர்டர் கொடுத்த கடைக்காரர்கள் எல்லாம், ‘புத்தாண்டு எந்த மாசம்னு போடப் போறீங்க?’ என்று போன் மேல் போன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் இரண்டிலும் போடச் சொன்னார். நல்ல வியாபாரி.

அப்புறம் இன்னொரு யோசனை. வாக்குறுதியே கொடுக்காமல் செய்தவற்றை யார் கணக்கில் எழுதுவது? 2001 தேர்தலுக்கு நாங்கள் அடித்த எந்த நோட்டீஸிலும் மதமாற்றத் தடை இல்லை. 2002-ல் ஜெயலலிதா ஆட்சியில் அவசரச் சட்டம் வந்தது. கோயிலில் கிடா வெட்டத் தடை 2003-ல். அதே வருடம் ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை வேலைநீக்கம். என் அக்கா வீட்டுக்காரரும் அதில் ஒருவர். பேப்பரில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டார். அந்த மாதம் முழுக்க லுங்கியோடு திண்ணையில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரிடமும், ‘இதை எலெக்‌ஷன்ல சொன்னாங்களா?’ என்று கேட்பார். பின்னால் வேலை திரும்பக் கிடைத்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட வராமல் போனதும் மதமாற்றச் சட்டம் வாபஸ். கிடா தடையும் அந்த வருடமே வாபஸ். வாபஸ் வாங்குவதும் அறிக்கையில் இல்லை.

20 ஏப்ரல்

அறிக்கையை வைத்து வழக்குப் போட முடியாதா என்று கேட்டவருக்கு: கலர் டிவி, மிக்ஸி, கிரைண்டர் வாக்குறுதிகளைப் பற்றிய வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், அறிக்கையில் இப்படிச் சொல்வது சட்டப்படி தேர்தல் முறைகேடு ஆகாது என்றது. தேர்தல் ஆணையம் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறி வகுக்கட்டும் என்றும் சொன்னது. பணம் எங்கிருந்து வரும் என்று கட்சிகள் கோடி காட்ட வேண்டும் என்பது அந்த நெறியில் வந்தது. கோடிதான் காட்டுகிறார்கள்.

நம்மைப் பிரிக்காத வாக்குறுதியிலும் வால் உண்டு என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் 2023 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்தது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ‘தகுதியுள்ள’ என்று ஒரு சொல் மட்டும் நடுவில் ஏறிக்கொண்டது. வருடத்துக்கு 3,600 யூனிட் கரண்டுக்கு மேல் போனால் கிடையாது. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஏசி என் மனைவியின் தகுதியைத் தின்றுவிட்டது. இப்போது நான் ஏசி ரிமோட்டைத் தொட்டாலே ‘ஆயிரம் ரூபா’ என்கிறாள். பெட்ரோல் 5 ரூபாய் குறையும் என்றது 3 குறைந்தது. சரி, தலைப்பை விட்டு எங்கோ வந்துவிட்டேன்.

27 ஏப்ரல்

சூளைமேட்டுக்காரருக்கு. உங்கள் தங்கைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இதைப் பரீட்சை முடிந்தபின் அவளுக்குக் காட்டுங்கள், அல்லது காட்டவே வேண்டாம்.

என் தம்பி மகள் 2021-ல் பிளஸ் டூவுக்குப் போனாள். கோச்சிங் சென்டரில் இரண்டாவது தவணை கட்ட வேண்டிய நேரம். கொரோனாவில் தம்பிக்கு வேலை ஆட்டம். ‘பெரியப்பா, எப்படியும் ரத்துதானே, இந்தப் பணத்தைக் கட்டணுமா?’ என்று என்னைத்தான் கேட்டாள். அறிக்கையை வரிவரியாகப் படித்து வைத்திருந்தேன். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதன் எடை எனக்குத் தெரியும். சொன்னேனா? ‘பொறும்மா, பார்க்கலாம்’ என்றேன். எனக்கும் ரத்தாக வேண்டும் என்று ஆசை, அதனால் என் காதும் மைக்கைத்தான் கேட்டது.

கட்டவில்லை. 2022-ல் வீட்டில் இருந்தபடியே படித்து எழுதினாள். கொஞ்சத்தில் போனது. 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அவள் அரசு உதவிபெறும் பள்ளி, அதுவும் இல்லை. இப்போது பிசியோதெரபி மூன்றாம் வருடம். போன வாரம் என் தோள்பட்டையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே, அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தாள். கட்சிக்கு எண்ணம் இருந்ததா என்று இருபது நாளாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது?

11 மே

தங்கை நன்றாக எழுதியிருக்கிறாள் என்று செய்தி போட்டதற்கு நன்றி. பிசிக்ஸ் கழுத்தறுத்தது என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள், பயப்பட வேண்டாம்.

ஒரு திருத்தம் பாக்கி. அச்சகத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை நேற்று பரணிலிருந்து இறக்கினேன். 1996 நோட்டீஸின் புரூஃப் கிடைத்தது. ஓரம் பொடியாகிறது, சிவப்பு மை மட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்தாவது வரியில் ‘மூடப்படும்’ அடிக்கப்பட்டிருக்கிறது. மேலே எழுதியிருப்பது ‘மூட வலியுறுத்தப்படும்’ இல்லை. ‘மூட ஆவன செய்யப்படும்’.

எழுத்து மச்சானுடையதும் இல்லை. அந்த ‘ஆ’வின் சுழியை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், என்னுடையது. இப்போதுதான் நினைவு வருகிறது. அவர் வாயால் சொன்னது, ‘கொஞ்சம் லூசா போட்டுக் குடுங்கண்ணே’ என்பது மட்டும்தான்.

பின்பக்கம் முதலாளி பென்சிலில் போட்ட கணக்கு இருக்கிறது. மொத்தம் 1,150. வரவு 300. பாக்கி 850.